படத்தில் கை தூக்கி நிற்பவர்

1
இந்தக் கதை நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியிலிருந்து வந்தது. 2002 கோடையில் என் நண்பன் வளவன் அண்ணாமலையில் பற்றிய மலைத்தீயைப் படமெடுத்து, செங்கம் ரோட்டு விடுதி ஒன்றின் கூடத்தில் கண்காட்சி வைத்தான். படங்களுக்குக் கீழே ஒட்ட வாசகம் கேட்டான். ஒன்பதாவது படத்துக்கு எழுதினேன்: 'அக்கினித் தாண்டவம். அடிமுடி காணா அனலுக்குள் ஆடுகிறான் ஒருவன்.' எழுதும்போது பெருமையாக இருந்தது. இப்போது அந்தக் கையை ஒடித்துப் போடலாம் போலிருக்கிறது.

2
தொடக்கம்: 'பிரம்மனும் திருமாலும் தம்மில் யார் பெரியவர் என்று...'

வேண்டாம். மறுபடியும் அதே புத்தி.

சந்திரகலா அடி அண்ணாமலைக்காரி. அந்த விடுதியைப் பெருக்கித் துடைக்கிற வேலை. கணவர் வேடியப்பன் மலையில் நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவர். பங்குனியில் மலை பற்றிக்கொண்டபோது பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு அணைக்கப் போனார். காற்று திரும்பியது. நெருப்பு சுற்றி வளைத்துவிட்டது. பதினோராம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். அதுவரை அவளிடம் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பாற மேல ஒருத்தர் நின்னுக்கினு இருந்தாரு. ரெண்டு கையும் தூக்கிக் கூப்ட்டேன். வரல."

(ஜன்னியில் உளறுகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவளும்தான்.)

3
கண்காட்சியின் முதல் நாள் காலை. தரையைத் துடைத்துக்கொண்டே வந்தவள் ஒன்பதாவது படத்தின் முன் நிமிர்ந்தாள். முகம் தெரியவில்லை, கறுப்பு உருவம்தான். ஆனால் இடது தோள் சற்று இறங்கிய அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். இரண்டு கைகளும் மேலே.

கண்ணாடியை உடைத்தாள் என்று முதலில் எழுதினேன். வளவனைத் துடைப்பத்தால்... அதுவும் என் ஆசைதான். அவள் ஈரத் துணியை வாளியில் போட்டுவிட்டு, என்னோடு நின்றிருந்த அவனிடம் வந்தாள்.

"இத எங்கருந்து எடுத்தீங்க சார்?"

"மேல பாறையிலருந்தும்மா. பெரிய லென்ஸ்."

"இவரு இன்னா பண்றாரு?"

வளவன் என் வாசகத்தைப் படித்துக் காட்டினான். "சாமி ஆடுற மாதிரியே இல்ல?"

"ஆடல சார். உங்களதான் கூப்புட்றாரு. எங்க வூட்டுக்காரரு."

['அவன் முகம் வெளிறியது' என்று இங்கே எழுத வேண்டும். நான் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.]

"எவ்ளோ நேரம் கூப்ட்டாரு? அதையாவது சொல்லுங்க."

சுவர்தான் பதில் சொல்லியது. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. நான்கு படங்களிலும் அதே உருவம். பத்தில் கைகள் தாழ்ந்திருந்தன.

சந்திரகலா என் பக்கம் திரும்பினாள். "எழுதனது நீங்களா?"

தலையாட்டினேன்.

"பொய் சாட்சி சொன்ன தாழம்பூவ இன்னிக்கி வரிக்கும் சாமிக்கு வெக்கறதில்ல. உங்களுக்குத் தெரியாதா?"

4
வாசகம் ஒட்டிய சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்தாள். என்னிடமே பேனா கேட்டாள். சீட்டின் பின்பக்கத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: 'வேடியப்பன். உதவிக்குக் கூப்பிடுகிறார்.' அதை ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். மூன்று நாள். வந்தவர்களிடமெல்லாம் நடந்ததைச் சொன்னாள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஒருவர் அவளிடமே, "இருந்தாலும் படம் பிரமாதம்" என்றார். மூன்றாம் நாள் சாயங்காலம் விடுதிக்காரர் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். படத்தை யாரும் இறக்கவில்லை.

5
ஒரு மாதம் கழித்து வளவன் அந்த நெகட்டிவ்களை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். அவற்றை அவள் வாங்கவில்லை. ஒன்றுதான் கேட்டாளாம்: "கூப்ட்டது உங்களுக்குத் தெரிஞ்சிதா, தெரியலையா?"

என்ன பதில் சொன்னான் என்று என்னிடம் சொல்ல மறுத்துவிட்டான். 'தெரியல' என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். 'தெரிஞ்சுது' என்று இன்னொன்றில். இரண்டையும் கிழித்தேன். அவனுக்காக வார்த்தை எழுதிக் கொடுத்து நான் செய்தது போதும்.

அந்தப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். அவள் மன்னித்தாள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த மன்னிப்பைக் கேட்கத்தான் நானும் அடி அண்ணாமலைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிட்டாள்.