ஐஸ் பெட்டிக்குள் பட்டாணி

எங்கள் கிண்ணியா வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருக்க வேண்டும். நானோ கடற்கரையில் மீன் எடுத்து மோட்டார் சைக்கிளில் விற்பவன். என் மனைவி றம்ஸியாவின் ஊர் வெலிமடை. அந்த மலையில் போய் நான் எதை விற்பது? அதனால் அவள் இங்கே வந்தாள். ஊர் ஆளுக்கொரு கதை கதைத்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

வந்த நாள் தொட்டு அவளுக்கு வெக்கை ஒத்துவரவில்லை, சோறு இறங்கவில்லை. மாரி மழை விட்ட கையோடு அவளுடைய வாப்பா பட்டாணி விதை அனுப்பினார். அதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு, "இது இங்க வளந்தா நானும் இருப்பேன்" என்றாள். வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. பகிடியா, மெய்யா? கேட்கப் பயமாக இருந்தது. மெய்தான் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஐஸ் போட்டு மீன் ஏற்றும் பழைய ரெஜிபோம் நுரைப்பெட்டியைக் கழுவி, மண் நிரப்பி, அவளே விதையை ஊன்றிக் குசினிக்குப் பின்னால் நிழலில் வைத்தாள். முளை வந்த அன்று எனக்குப் பெருநாள். பட்டாணிக்குக் குளிர் வேண்டும் என்று சொல்லியிருந்தாள். ஐஸுக்கு என்னிடமா பஞ்சம்? மிஞ்சியதைப் பையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்து, மூடியையும் போட்டேன். அவளிடம் சொல்லவில்லை. என் பயம் அவளுக்குத் தெரியக்கூடாது.

மறுநாள் வியாபாரம் முடிந்து வந்தால் பெட்டி முற்றத்து வெயிலில் கிடந்தது. மூடி ஒரு பக்கம், ஐஸ் பை ஒரு பக்கம். திரும்ப நிழலுக்கு எடுத்து, ஐஸை உள்ளே வைத்து மூடினேன். அடுத்த நாளும் அதே கூத்து. பக்கத்து வீட்டு ஆடா? ஆடென்றால் தின்றிருக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டா போகும்? உம்மாவிடம் கேட்டேன்.

"எனக்கு முழங்காலே நிமிருதில்ல. உன்ட பெட்டிய நான் ஏன்டா தூக்குறன்?" என்றார்.

விதைத்தவள் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஒன்றும் பிடிபடாமல் மண்டை காய்ந்தது. அதற்குள் இலைகள் மஞ்சளாகி, இரண்டு நாற்று சாய்ந்தும் விட்டது.

ஒரு நாள் மீன் வேளைக்கே விற்றுத் தீர்ந்தது. படலையைத் திறந்தால், றம்ஸியா பெட்டியைத் தூக்கிப்போய் வெயிலில் வைக்கிறாள். எனக்கு இரத்தம் தலைக்கேறியது. வளர்ந்தால் இருப்பேன் என்றவள், வளர்வதைச் சாகடிக்கப் பார்க்கிறாள்.

"போறதெண்டா வாயால சொல்லிட்டுப் போ. அதுக்கு இந்தப் பச்சையக் கொல்லணுமா?" என்று கத்தினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியிலிருந்து எடுத்துத் தன் கையில் வைத்திருந்த ஐஸ் பையைப் பார்த்தாள்.

"இத வைக்கிறது நீங்களா? நான் மாமிண்டு நெனச்சேன். மாமிக்கு நான் பயிர் வைக்கிறது புடிக்கல்லயாக்கும்னு பேசாம இருந்தேன்."

"குளிர் வேணுமெண்டு நீதானே சொன்ன?"

"குளிர்ண்டா ஐஸா? வேர் வெறச்சுப் போகும். காலையில கொஞ்ச நேரம் வெளிய வைக்கணும், பொறகு நெழலுக்கு எடுக்கணும். நாளுக்கு நாள் நேரத்தக் கூட்டிப் பழக்கித்தான் நெலத்துல நடுறது. எடுத்த உடனே வெயில்ல நட்டா வாடிடும்."

"ஒரு பட்டாணிக்கு இவ்வளவு பக்குவமா?" என்றேன், வெட்கத்தை மறைக்க.

"என்னை யாரு பழக்கின? பஸ்ஸால எறக்கின அன்னைக்கே நட்டுட்டீங்க."

இந்த முறை வாயும் சிரிக்கவில்லை. "வெலிமடைக்குப் போய்க் கொஞ்ச நாள் நிப்பமா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபிறகுதான் பயந்தேன், போனவள் அங்கேயே நின்றுவிட்டால்?

அவள் விரலால் மண்ணின் ஈரம் பார்த்தாள்.

"போவோம். இதுகள நட்டுட்டுப் போவோம். திரும்பி வரக்குள்ள கொடி ஏறியிருக்கும்."

திரும்பி என்றாளா? சரியாகத்தான் கேட்டேனா? இன்னொரு தரம் கேட்க வாயைத் திறந்தேன்.

"அந்தப் பக்கம் புடிங்க, இன்னைக்கு இவ்வளவு வெயில் போதும், நெழலுக்கு எடுக்கணும்" என்றாள். பிடித்தேன்.