நெற்றியில் ஒரு விரல்

கோப்பிக்கு வீடு கிடைத்த அன்று மகதலேனா கிள்ளான் தேவாலயத்தில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒரு நாய்க்காகவா என்று சிலர் கேட்பார்கள். அவர்களோடு பேச்சை நிறுத்திவிடுவாள், அவ்வளவுதான்.

கேரி தீவுச் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில், காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியில் கால் மாட்டிக் கிடந்தவனை அவள்தான் தூக்கி வந்தாள். கால் பிழைத்துக்கொண்டது, நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. உடம்பில் ஒரு வெள்ளை மயிர் கிடையாது. பாலில்லாத கோப்பியின் கறுப்பு. அதையே பெயராக வைத்தாள். கூடவே வைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் அவளுக்கு முழங்கால் இரண்டும் போன பிறகு, மகன் லியோனல் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு பெட்டாலிங் ஜெயாவில் தன் அடுக்குமாடி வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டான். அங்கே நாய் வளர்க்க அனுமதியில்லை.

அவனுக்கு வேறு வீடு தேடினாள். பார்க்க வந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவருக்குக் குட்டியாக இருக்க வேண்டும், இன்னொருவருக்கு நல்ல ஜாதி நாயாக இருக்க வேண்டும். கறுப்பு என்றதும் போனை வைத்தவர்கள்தான் அதிகம். கார் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் லியனார்ட் மட்டும், "நம்ம வர்க்‌ஷாப்ல விடுங்கக்கா, காவலுக்கு இருக்கட்டும்," என்றார். கதவைச் சாத்தினால் ஒரு மனுஷர்கூட இல்லாத இடம்.

"அது வீடு இல்ல லியனார்ட்," என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள்.

அப்போதுதான் ரவாங்கிலிருந்து சபாபதியும் அவர் மனைவி புஷ்பவல்லியும் வந்தார்கள். "எங்களுக்குக் கறுப்புதான் வேணும் ஆன்டி. கொஞ்சங்கூட வெள்ளை இருக்கக் கூடாது," என்றாள் புஷ்பவல்லி. மகதலேனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே வேண்டாம் என்று தள்ளிய நிறத்தைக் கேட்டு வாங்க வந்திருக்கிறார்களே. இருந்தாலும் விடாமல் விசாரித்தாள். கேட் எவ்வளவு உயரம், மழை பெய்தால் எங்கே படுப்பான், வெளியூர் போனால் யார் பார்ப்பது. எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தது. ஏன் கறுப்பு என்று மட்டும் அவள் கேட்கவில்லை. நல்லது நடக்கும்போது நம்மில் யார்தான் ஏன் என்று கேட்கிறோம்.

பிறகு வாட்ஸ்அப்பில் படங்கள் வந்தன. கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், முன்னால் வாழையிலையில் தயிர்ச்சோறு. பெயரும் பைரவன் ஆகியிருந்தது. கோயில் குளம் என்று இருப்பவர்கள், அன்பை அப்படித்தான் காட்டுவார்கள் என்று மகதலேனா பூரித்துப்போனாள். ஒவ்வொரு படத்தையும் லியோனலிடம் காட்டி அவன் உயிரை வாங்கினாள். சனிப்பெயர்ச்சி, பரிகாரம் எல்லாம் அவள் காதில் விழுந்திருக்கின்றன. இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒருநாள் புஷ்பவல்லி போன் செய்தாள்.

"ஆன்டி, பைரவனத் திருப்பிக் கொடுத்திரலாம்னு இருக்கோம்."

"ஏம்மா, கடிச்சிட்டானா?"

"ஐயோ, அவன் தங்கம் ஆன்டி. இவருக்கு ஏழரைச் சனி முடிஞ்சிருச்சு. அதுவரைக்கும் கறுப்பு நாய் வச்சு சோறு போடணும்னு ஜோசியர் சொன்னாரு. இனிமே தேவையில்ல லா."

காய்ச்சல் விட்டதும் மிச்ச மருந்தைத் திருப்பிக் கொடுப்பது போலிருந்தது.

மகதலேனா லியோனலின் காரில் ரவாங்குக்குப் போனாள். கோப்பி கொழுகொழுவென்று இருந்தான். புதுக் கழுத்துப்பட்டை, படுக்கைத் துணி எல்லாவற்றையும் மடித்து வைத்திருந்தார்கள். புஷ்பவல்லியின் கண்ணும் சிவந்துதான் இருந்தது, அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை. "கோப்பி" என்று மகதலேனா கூப்பிட்டாள். அவன் திரும்பவே இல்லை. "பைரவா" என்றதும் திரும்பினான். காரில் ஏற மாட்டேன் என்று கேட்டருகே படுத்துக்கொண்டவனை லியோனல்தான் தூக்கிப் போட்டான்.

வேறு எங்கே போவது? வேண்டாம் என்று சொன்ன அதே வர்க்‌ஷாப் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். லியனார்ட் நல்லவர், பழையதைக் கிளறவில்லை.

கோப்பி சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. கோழி ஈரலை வேகவைத்து எடுத்துப் போனாள். தட்டைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், காத்திருந்தான். கடைசியில் ரோஷத்தை விழுங்கிக்கொண்டு புஷ்பவல்லியைப் போனில் கூப்பிட்டாள்.

"அவனுக்கு எப்படிம்மா சோறு வைப்ப?"

"முதல்ல பொட்டு வச்சிருவேன் ஆன்டி. அப்புறந்தான் தட்டு. பொட்டு வைக்காம தொட மாட்டான்."

குங்குமத்துக்கு அவள் எங்கே போவாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, சாம்பல் புதனன்று தேவாலயத்தில் சாமியார் நெற்றியில் சாம்பல் வைப்பாரே, அப்படிக் கட்டைவிரலை அவன் நெற்றியில் வைத்தாள். கோப்பி கண்ணை மூடித் திறந்தான். பிறகு தட்டில் முகத்தைப் புதைத்தான். மகதலேனா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவனுக்குச் சனியும் தெரியாது, பரிகாரமும் தெரியாது. ஒரு விரல் நெற்றியில் பட்டால் இது என் வீடு, சாப்பிடலாம் என்று மட்டும்தான் தெரியும்.

"தெனமும் நான் இதச் செய்யணுமாக்கா? வேலை செய்ற பசங்க சிரிப்பானுங்களே," என்றார் லியனார்ட்.

"சிரிக்கட்டும்."

மறுநாள் காலையில் லியனார்ட் ஒரு படம் அனுப்பினார். 'சாப்பிட்டான்க்கா. கையில கிரீஸ், அப்படியே வச்சிட்டேன்.' படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கறுப்பு நெற்றியில் கறுப்புப் பொட்டு தெரியவில்லை. தட்டு காலியாக இருந்தது. கோப்பியின் கண் மட்டும் தெருவில் இருந்தது.

அடுத்த செய்தி வந்தது. 'கார் சத்தம் கேட்டா ஓடிப்போய் கேட்ல நிக்கிறான். யாரத் தேடறான்க்கா, உங்களையா?'

ஆமாம் என்று எழுதிவிட மனம் துடித்தது. எழுதக்கூடச் செய்தாள். பிறகு அழித்துவிட்டு வேறு அனுப்பினாள்.

'இல்ல லியனார்ட். அவன் வீட்டத் தேடறான்.'