பயந்தாங்கொள்ளியின் அம்மா

ஒப்பனை அறையில் நான்காவது முறையாகக் கன்னத்தில் பவுடர் ஒற்றினார்கள். எழுத்தாளர் கண்ணை மூடிக்கொண்டார். எழுபத்து மூன்று வயது. எத்தனை பேட்டி என்று அவருக்கே கணக்கில்லை.

இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும் ஒரு சிறுவனைப் பற்றி அவர் எழுதிய ‘பயந்தாங்கொள்ளி’ வெளிவந்து நாற்பது வருடம் ஆகிறது. வானொலியில் வந்தது, கார்ட்டூனாக ஓடியது, இப்போது பல் தேய்க்கும் பிரஷ்ஷில்கூட அவன் முகம்தான். “உங்க பையனைப் போட்டுக் காட்டினாத்தான் எங்க வீட்டுக் குழந்தை சாப்பிட வாயே திறக்குது” என்று வழிமறித்துச் சொல்லாத தாய்மார் இல்லை.

அவருடைய நிஜமான பையன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவன் நாற்பது மீட்டர் ஏணியில் ஏறும்போது, கீழே நிற்பவர்கள் செல்போனில் கார்ட்டூன் பாட்டைப் போட்டுச் சிரிப்பார்கள். ஐந்து மாதமாக அம்மா வீட்டுப் பக்கம் அவன் எட்டிப் பார்க்கவில்லை. இன்றைய டி.வி. நேரலைக்கு அவனையும் அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள். காலையில் போனில் கேட்டதும் வெடித்தான்.

“நாப்பத்தாறு வயசும்மா எனக்கு. இன்னும் கட்டிலுக்கு அடியிலயே கிடக்கணுமா? ஊர் பூரா என் பேரை இழுக்கிறியே, ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா?”

“இல்லடா.”

அவன் போனை வைத்துவிட்டான்.

அரங்கில் விளக்குகள் சுட்டன. தொகுப்பாளினி உற்சாகமாகத் தொடங்கினாள். “உங்க மகனைப் பார்த்துத்தானே எழுதினீங்க? அந்த இடி சம்பவத்தைச் சொல்லுங்களேன்!”

வழக்கமான பதில் நாக்கு நுனியில் இருந்தது. அதை இன்னொரு தடவை சுமக்க அவருக்குத் தெம்பில்லை.

“பயந்தது அவன் இல்லம்மா. நான்.”

தொகுப்பாளினியின் சிரிப்பு அப்படியே நின்றது.

“ஒரு மத்தியானம், காது கிழியற மாதிரி இடி. வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. நான்தான் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டேன். அவனுக்கு ஆறு வயசு. வீடெல்லாம் தேடிட்டு வந்து, குனிஞ்சு பார்த்து, ‘போயிடுச்சும்மா, வெளிய வா’ன்னான். இவ்வளவு பெரிய பொம்பளை பயந்தேன்னு எழுத வெக்கமா இருந்துச்சு. அவன் தலையில கட்டிட்டேன்.”

உடனே விளம்பரம் போட்டார்கள். தயாரிப்பாளர் ஓடிவந்தார். “என்ன மேடம், இப்படிப் போட்டு உடைச்சிட்டீங்க?”

“கொஞ்சம் தண்ணி குடுப்பா” என்றார் எழுத்தாளர்.

வீட்டுக்குத் திரும்பும் காரில் மகனின் அழைப்பு வந்தது.

“நிஜமாவாம்மா?”

“நிஜம்தான்.”

“எனக்கு ஞாபகமே இல்ல. நான் பயந்தாங்கொள்ளின்னே நானும் நம்பிட்டு இருந்தேன். இதை அப்பவே சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கணும்டா. தப்புதான்.”

“துறைமுகத்துல இவனுங்க நாளைக்கும் பாட்டுப் போடத்தான் போறானுங்க.”

“தெரியும்.”

“சரி, ஞாயித்துக்கிழமை வரேன்.”

சொன்னபடி வந்தான். வாரம் முழுக்க இரவு வேலையாம். சாப்பிட்ட கையோடு நாற்காலியிலேயே தூங்கிப்போனான். பேச நிறைய இருந்தது. அவர் எழுப்பவில்லை. எதிர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவருக்கும் கண் சொருகியது.