தெய்வம்மா மேட்டுப்பாளையத்தில் இல்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மனதில் தானாகத் தோன்றியதல்ல, ஆர்டர் கொடுத்து வாங்கியது. காசநோய் விழிப்புணர்வுக் கையேட்டுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கதை வேண்டும் என்று அதிகாரி ஒருவர் மலைமேல் பெர்ன்ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து கேட்டார். 'காசநோய் இல்லாத ஊராட்சி' என்று சான்றிதழ் வாங்கப்போகும் ஒரு மலைக்கிராமத்தில் கதை நடக்க வேண்டுமாம். சோகம் கூடாதாம். நான் தபால் அலுவலகத்தில் எழுத்தர். இரண்டு தொகுப்புகள் போட்டு, பாதிப் பிரதிகள் இன்னும் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. ஐயாயிரம் பிரதி என்றதும் பல்லைக் காட்டிவிட்டேன்.

போன வருடம் இதே திட்டத்துக்குச் சுவரில் எழுத ஒரு வாசகமும் கொடுத்திருந்தேன். 'இருமலை மறைக்காதீர், உடனே சொல்லுங்கள்.' பெரிய கவிதை இல்லைதான். ஆனாலும் பஸ்ஸில் போகும்போது அந்த நீல எழுத்து எங்காவது தென்பட்டால் கழுத்தை நீட்டிப் பார்ப்பேன்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

'பனி போர்த்திய தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களின் சிரிப்பொலி…' (வேண்டாம். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு மழையில் அட்டைக்கடியோடு நிற்கும் யாரும் எனக்காகச் சிரித்ததில்லை.)

'நோய் என்பது உடலை மட்டும்…' (தூ.)

'தெய்வம்மாவுக்கு மூன்று வாரமாக இருமல்.' (இது இருக்கட்டும்.)

3

தெய்வம்மாவுக்கு மூன்று வாரமாக இருமல். அவளுடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இறங்கியவர்கள். அவள் இந்த மலையில் பிறந்து, இங்கேயே கொழுந்து பறிக்கிறாள். கணவன் இறந்துவிட்டான். பத்தாவது படிக்கும் மகள் ரஞ்சனியோடு லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒற்றை அறையில் இருக்கிறாள். கொழுந்து எடை போடும் கொட்டகையின் சுவரில் என் வாசகம் இருந்தது. தினமும் அதன் கீழே வரிசையில் நின்றவள், ஒருநாள் சுகாதார முகாமுக்குப் போய்ச் சொல்லிவிட்டாள். சளியைச் சோதித்தார்கள். காசநோய்தான்.

மறுநாள் சுகாதார ஆய்வாளர் வசந்தகுமார் லயத்துக்கு வந்தார்.

"ஏனுங் அக்கா, மேட்டுப்பாளையத்துல உங்க தங்கச்சி ஊடு இருக்குதுங்களே. அந்த அட்ரஸ்லயே உங்க பேரப் பதிஞ்சுக்கலாமுங்களா?"

"எதுக்கு தம்பி? நான் இங்கதானே கெடக்குறேன்."

"இங்க பதிஞ்சா லயம் பூராத் தெரிஞ்சுருமுங்க. அங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. மாத்திரை ஒண்ணுதானுங்க, எங்க வாங்குனா என்னுங்க?"

பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய். விஷயம் தெரிந்தால் தன் குடத்தைத் தள்ளி வைப்பார்கள் என்று அவளுக்குப் பயம். கையெழுத்துப் போட்டாள். இன்னும் ஒரு நோயாளி கூடினால் சான்றிதழ் கை நழுவிவிடும் என்பதை வசந்தகுமார் அவளிடம் சொல்லவில்லை.

4

மாதம் ஒருமுறை மாத்திரைக்காக மேட்டுப்பாளையத்துக்கு மலையிறங்க வேண்டும். அன்றைக்கு வேலை போச்சு. மூன்றாம் மாதம் பர்லியார் பக்கம் மண் சரிந்து பஸ் பாதியில் திரும்பியது. கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போக இன்னொரு நாள் லீவு கேட்டாள், சூப்பர்வைசர் கொடுக்கவில்லை. கையிலிருந்த மாத்திரை தீர்ந்தது. உள்ளூர் நர்ஸ் வனிதாவிடம் போய் நின்றாள்.

"கம்ப்யூட்டர்ல நீங்க கீழ இருக்கீங்கக்கா. இங்க இல்லாத பேருக்கு நான் எப்படிங்க மாத்திரை குடுப்பேன்?"

இன்னொன்றும் நடந்தது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. விதிப்படி மேட்டுப்பாளையத்தில் தங்கை, தங்கை புருஷன், பிள்ளைகள் எல்லோரையும் சோதித்துவிட்டார்கள். தினமும் தெய்வம்மாவின் பக்கத்தில் படுத்துத் தூங்கும் ரஞ்சனியை ஒருவரும் சோதிக்கவில்லை.

(நான் முப்பது வருடமாக முகவரி பார்த்துக் கடிதம் பிரிக்கிறவன். ஆள் இல்லாத முகவரிக்குப் போன கடிதம்கூட எழுதியவருக்குத் திரும்பி வந்துவிடும்.)

இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் அவளேதான். சான்றிதழ் விழாவில் நானும் இரண்டு வார்த்தை பேசினேன், சால்வை வாங்கினேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவளும் கை தட்டியிருக்கிறாள். அன்றைக்கு அவள் மாத்திரை இல்லாமல் ஐந்தாம் நாள். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தாள்.

"செவுத்துல எழுதுனது நீங்கதானா சார்? சொல்லுங்கன்னு எழுதியிருந்தீங்க, சொன்னேன். சொன்னதுக்கப்புறம் என்ன செய்யணும்னு எழுதலியே?"

சால்வையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

5

வசந்தகுமாரை வில்லனாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தடித்த மீசையும் தங்கச் சங்கிலியும் கொடுத்து ஒரு பத்தி எழுதி, கிழித்துப் போட்டேன். முதல் மாதம் மாத்திரையைத் தன் பைக்கில் மலையேறிக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். போனில் கேட்டபோது அழமாட்டாத குறையாகப் பேசினார்.

"சார், சான்றிதழ் சான்றிதழ்னு மேல இருந்து உசுர எடுக்கறாங்க. அடுத்த மாசம் மாநில விருதுக்கு ஆய்வு வருதுங்க. அது முடியட்டும், அக்கா பேர இங்க மாத்திடறனுங்க."

அடுத்த மாதமாம்! எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. காசநோயை ஒழிக்கக் கிளம்பியவர்கள் நோயாளியை ஒழித்துவிட்டுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள். ஆளாளுக்கு நல்லவர்கள். ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள். அவளுக்கு மட்டும் மாத்திரை இல்லை. இந்தக் கூட்டத்துக்கு வாசகம் எழுதிக் கொடுத்தவன் நான் என்பதை நினைத்தால் கூசுகிறது.

6

முடிவுகள்:

(அ) தெய்வம்மா குணமாகிறாள். மகளைக் கட்டியணைக்கிறாள். கையேட்டின் பின்னட்டைக்குப் படம் போடலாம்.

(ஆ) மாத்திரையை விட்டு விட்டுச் சாப்பிட்டதால் நோய் மருந்துக்குக் கட்டுப்படாமல் போய், அவளும் ரஞ்சனியும்… (முடியவில்லை. என்னால் எழுத முடியவில்லை.)

(இ) நான் எல்லாவற்றையும் வெளியே எழுதிவிடுகிறேன். லயத்துக்குத் தெரிந்துவிடுகிறது. குழாயடியில் அவள் குடத்தைத் தள்ளி வைக்கிறார்கள்.

மூன்றாவதற்கு அவள் சம்மதம் வேண்டும். நேற்று ஞாயிற்றுக்கிழமை, நேரில் போனேன். பெயரை மாற்றித்தான் எழுதுவேன் என்று ஆரம்பித்தேன். உள்ளே ரஞ்சனி இருமும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாளா இருமுறா சார். குளிருக்காவும் இருக்கலாம்." கதவை மெல்லச் சாத்தினாள். "பேர மாத்தாதீங்க. லயம் நம்பரும் போடுங்க. கொடத்தத் தள்ளி வச்சா வைக்கட்டும், நான் ஓடையில தண்ணி எடுத்துக்குவேன். புள்ளைக்கு ஒண்ணுன்னா மானத்த வச்சு நான் என்ன செய்ய?"

7

ஐயா, என் வீட்டுக்கு வந்து கதை கேட்டபோதே, கையேட்டுக்கு வரும் கதைகளை அச்சுக்கு முன் நீங்கள் படித்துக் கையெழுத்திட வேண்டும் என்று சொன்னீர்கள். ஆகவே இந்தக் கதைக்கு இப்போதைக்கு ஒரே வாசகர் நீங்கள்தான். அச்சிடுவீர்கள் என்ற ஆசை எனக்கில்லை.

மாத்திரை இல்லாமல் இன்று பன்னிரண்டாம் நாள். தெய்வம்மா, ஐந்தாம் லயம், மூன்றாம் அறை. பகலெல்லாம் மலையில் நிற்பாள். நாளை மாலை நாலு மணிக்கு எடைக் கொட்டகைக்கு வருவாள். அவளுக்கு மாத்திரையும், ரஞ்சனிக்குச் சளி எடுக்க ஒரு டப்பாவும் கொடுத்தனுப்புங்கள். எல்லோர் முன்னாலும் கொடுக்கலாம். நானும் அங்கே நிற்பேன்.

மாத்திரையோடு ஆள் வந்தால் கதையை உங்கள் இஷ்டம்போல் முடித்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் என்னிடம் முடிவு இல்லை. 'பதினான்காம் நாள்' என்று அடுத்த வரியை எழுதி, மறுபடி உங்களுக்கே அனுப்புவேன்.