எழுதுகிற கை

ஒரு மனிதனுடைய கைக்கு விலை போட மூன்று எண்கள் போதும் என்று அவள் தெரிந்துகொண்டது இந்த வருடம்தான். மாதச் சம்பளம் ஒன்று. வயதுக்கென்று ஓர் எண், இளையவனுக்குக் கூடுதலாக, மூத்தவனுக்குக் குறைவாக. மூன்றாவது, போன உறுப்போடு சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்பது. மூன்றையும் பெருக்கினால் நஷ்டஈடு வந்துவிடும். பெருக்கல் என்னவோ சுலபம்தான். அந்த மூன்றாவது எண்ணில்தான் அவள் புருஷனின் தலையில் மண்ணை அள்ளிப் போட்டார்கள்.

அவர் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் ரம்ப மேசையில் வேலை பார்த்தவர். கட்டிலோ அலமாரியோ, எதுவானாலும் முதலில் பலகையை அளவுக்கு அறுத்துக் கொடுப்பது அவர்தான். பிறவியிலேயே இடது கைக்காரர். சுத்தியல், உளி, பூட்டுச் சாவி எல்லாம் இடது கைதான். வீட்டு அலமாரியின் கைப்பிடியைக்கூடத் தன் வசதிக்குப் பிடுங்கி மறுபக்கம் வைத்துவிட்டு, ஒரு வருடம் அவளிடம் திட்டு வாங்கியவர். தொழிற்சாலையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேஸ்திரி முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவர் 'நொட்டாங்கை'. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரும் அதற்கே திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

எழுதுவது ஒன்று மட்டும் வலது கை. பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இடது கை முட்டியைப் பார்த்துப் பார்த்து அடித்து அந்த ஒன்றை மாற்றிவிட்டார். அடிக்குப் பலன் இல்லாமல் போகவில்லை, எழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ரம்ப மேசையைச் செய்தவன் இடது கைக்காரன் ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று நினைத்தே பார்க்கவில்லை. பலகையை நேராக அணைத்துப் பிடிக்கும் தடுப்பு ரம்பத்துக்கு வலப்புறம் இருக்கிறது. வலது கையால் தள்ளினால் கை ரம்பத்துக்குப் பக்கவாட்டிலேயே போய்வரும். இடது கையால் தள்ளினால் ரம்பத்தைக் குறுக்கே தாண்டித்தான் போக வேண்டும். தடுப்பை மறுபக்கம் மாற்றிக் கொடுங்கள் என்று அவர் மேஸ்திரியிடம் பலமுறை கேட்டார். உனக்காக மேசையையே திருப்பிப் போடச் சொல்வாய் போலிருக்கிறதே என்று மேஸ்திரி சிரித்தார். ரம்பத்தின் மேல் ஒரு மூடி இருந்தது. வேலை தாமதமாகிறது என்று அதையும் மேலிடத்து உத்தரவில் கழற்றி மூலையில் போட்டார்கள். பிறகு ஒருநாள் காலை, முதல் தேநீருக்கு முன்பே, மணிக்கட்டோடு இடது கை போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவர் கண் விழித்தபோது கட்டிலருகே நின்ற மேலாளர் பழமா கொண்டுவந்தார்? பழியைக் கொண்டுவந்தார். நொட்டாங்கையை வைத்துக்கொண்டு கவனமில்லாமல் வேலை செய்தால் இப்படித்தான் ஆகும், இது முழுக்க உன் தப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னவன் மறந்திருப்பான். கேட்டவர் மறக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவர் அதையே பிடித்துக்கொண்டார். நான் நிதானமாகத் தள்ளியிருக்கலாம், என் தப்புதான் என்பார். சோற்றுத் தட்டின் முன்னால் சொல்வார், துணி காயப்போடும்போது சொல்வார். மூடியைக் கழற்றினது நீங்களா என்று அவள் ஒவ்வொரு தடவையும் சண்டைக்கு நிற்பாள். அவர் தலையை ஆட்டுவார், அடுத்த நாள் மறுபடி சொல்வார். கை போனதைவிட இதற்குத்தான் அவளுக்கு அதிகம் வயிறெரிந்தது.

அவள் ஒரு பெரிய சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் பட்டாசு. மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் எதிரே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காது. அன்றைக்கு மருத்துவரின் அறைக்குள் தன்னையும் விட்டிருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரிப் போயிருக்கும் என்று அவள் இன்றும் சொல்வாள். விடவில்லை.

விழுக்காடு போடும் மருத்துவர் அவர். உள்ளே என்ன நடந்தது என்பதை அவள் பிறகு புருஷனின் வாயிலிருந்துதான் பிடுங்கினாள். மருத்துவர் காயத்தைப் பார்த்தார், அளந்தார், நிமிராமலே கேட்டார்.

"எழுதுற கை எது?"

"வலது கைங்க."

கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்லிவிட்டார் மனிதர். வேலை செய்யும் கை எது என்று கேட்டிருந்தால் அதற்கும் நேர்மையாகத்தான் சொல்லியிருப்பார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். அழகான எழுத்து என்று மருத்துவர் பாராட்டினாராம். வெளியே வந்து அதை அவளிடம் சொல்லும்போது அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதனால் அவளும் சிரித்துத் தொலைத்தாள்.

நாற்பத்து நாலு விழுக்காடு என்று வந்தது. நஷ்டஈட்டு அலுவலகத்தில் ஒரு எழுத்தர் அதை அவளுக்கு விளக்கினார். வலது கைக்காரருக்கு இடது கை போனால் இவ்வளவு. போனது பழக்கப்பட்ட கையென்றால் பத்து கூடுதலாக, ஐம்பத்து நாலு. பத்துதானே என்று நினைக்காதீர்கள் அம்மா, ஐம்பதில் ஒரு கோடு இருக்கிறது என்றார். கோட்டுக்குக் கீழே என்றால் ஒரே தவணையில் ஒரு தொகையைக் கொடுத்துக் கை கழுவிவிடுவார்கள். கோட்டைத் தாண்டிவிட்டால் ஆயுசு முழுக்க மாதாமாதம் கொடுக்க வேண்டும்.

அந்த ஒரே தவணை எத்தனை நாள் தாங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? மருந்துக் கடனும் வாடகை பாக்கியும் போக மிச்சம் ஒரு வருடத்தைத் தள்ளாது. அதற்குப் பிறகு அவளுடைய இஸ்திரிக் கூலி மட்டும்தான்.

அவர் இடது கைக்காரர் என்று நிரூபித்தால் போதும் என்றார் எழுத்தர். அவள் தொழிற்சாலைக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் நடந்தாள். நாள் முழுக்க நொட்டாங்கை, நொட்டாங்கை என்று தொண்டை கிழியக் கத்திய மேஸ்திரி, அவர் எந்தக் கையால் வேலை செய்தார் என்று தான் கவனித்ததே இல்லை என்று நழுவினார். பாலிஷ் போடுகிறவர் அவருக்கு உயிர் நண்பர். அவர் மனைவி வாசலிலேயே மறித்து, வீட்டில் இல்லை என்றாள். செருப்பு வாசலில் கிடந்தது. சாட்சி சொல்லி வேலையை இழக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது என்று அவள் புருஷன் சொன்னார். அவளால் முடிந்தது, தாராளமாகச் சொன்னாள்.

இதற்கிடையில் அவர் வலது கையைப் பழக்கிக்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் போட்டார், ஒற்றைக் கையால் முகம் மழித்தார், ஆணிகூட அடித்தார். வேறு வீடாக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். விசாரணைக்குக் கிளம்பும்போது அவள், அவங்க முன்னாடி எதையும் திறமையாச் செஞ்சு தொலைக்காதீங்க என்று எச்சரித்துக் கூட்டிப் போனாள். மனிதன் தேறத் தேறக் கைக்கு விலை இறங்கும் கணக்கு இது. இதைப் போட்டவனை அவள் ஒருநாள் நேரில் பார்க்க ஆசைப்பட்டாள்.

விசாரணை அறையில் நீள மேசை, மேலே சத்தத்தோடு சுற்றும் மின்விசிறி, நடுவில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா. கம்பெனி பக்கம் இரண்டு பேர், கணக்கரும் பாதுகாப்பு அதிகாரியும். ஆளுக்கொரு காரில், ஆளுக்கொரு கோப்போடு வந்திருந்தார்கள். ஒருவர் என்ன பேசப்போகிறார் என்று மற்றவருக்குத் தெரியாது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

கணக்கர் தேன் போலப் பேசினார். தொழிலாளி மேல் கம்பெனிக்கு மிகுந்த அனுதாபம் என்றார். ஆனால் மருத்துவரிடம் அவரே வலது கைக்காரர் என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார், நாற்பத்து நாலுதான் சரி என்றார். அவள் எழுந்து, எழுத மட்டும்தான் வலது கை, பிழைப்பெல்லாம் இடது கை என்றாள். சாட்சி உண்டா என்று அதிகாரியம்மா கேட்டார். பெண்டாட்டி வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதிகாரியம்மா உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்து பாதுகாப்பு அதிகாரி எழுந்தார். தொழிலாளியின் கவனக்குறைவு என்று நிரூபித்தால் தொகையில் கால் பங்கு கழியும். அந்தக் கால் பங்கைக் கழிப்பதற்காகத்தான் அவரை அனுப்பியிருந்தார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"மேடம், இவரு பிறவி இடது கைக்காரர். இடது கையால பலகையத் தள்ளாதீங்கன்னு எத்தனையோ தடவை எச்சரிச்சோம். கேக்கல."

கணக்கர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் எழுந்து நின்றாள்.

"மேடம், இப்ப இவர் சொன்னத அப்படியே எழுதிக்குங்க."

அதிகாரியம்மா ஏற்கெனவே எழுதிக்கொண்டுதான் இருந்தார். கணக்கர் ஒரு நிமிடம் அவகாசம் கேட்டு, பாதுகாப்பு அதிகாரியைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அவர் கணக்குப் போட்டு முடித்திருந்தார். கால் பங்குக் கழிவைவிட, ஆயுசு முழுக்க மாதாமாதம் கொடுக்காமல் தப்பிப்பதுதான் லாபம்.

"இடது கை, கவனக்குறைவுன்னு இவர் சொன்னது ரெண்டையும் நாங்க வாபஸ் வாங்கிக்கறோம் மேடம். தொழிலாளி மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் புருஷன் தலை நிமிர்ந்தார். இத்தனை மாதம் குனிந்தே இருந்த தலை. கணக்கரையே பார்த்தார். தன் காதை நம்பாதவர் மாதிரி அவள் பக்கம் திரும்பினார். அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல மலர்ந்து கிடந்தது. அவளுக்கு அந்த மேசையைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. கட்டிலில் கிடந்தவர் மேல் பழியைப் போடும்போது இலவசமாகப் போட்டார்கள். எடுக்கும்போது மட்டும் விலை கேட்கிறார்கள்.

அதிகாரியம்மா கெட்டவரில்லை. விதியை விட்டு இம்மி நகராதவர், அவ்வளவுதான். அவள் புருஷன் இடது கைக்காரர் என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அந்தப் பாதுகாப்பு அதிகாரியின் பேச்சு. அதை ஏற்றால் எச்சரித்தும் கேட்கவில்லை என்பதையும் சேர்த்து ஏற்க வேண்டும். ஐம்பத்து நாலு, மாதாமாதம், அதில் கால் பங்கு கழிவு, தப்பு தொழிலாளியுடையது. கம்பெனி அதை வாபஸ் வாங்க இவர்கள் சம்மதித்தால் நாற்பத்து நாலு, ஒரே தவணை, தப்பு தொழிலாளியுடையது அல்ல. ரம்பத்தின் மூடியைக் கழற்றியது யார் என்று அவள் கேட்டாள். அதற்குச் சாட்சி கொண்டுவருவதென்றால் விசாரணையைத் தள்ளி வைக்கிறேன், ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார் அதிகாரியம்மா. வாசலில் கிடந்த செருப்பு அவள் கண் முன்னால் வந்து போயிற்று. யோசித்துச் சொல்ல வெளியே அனுப்பினார்கள்.

தாழ்வாரத்தில் சுவரோரம் நின்றார்கள். அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி.

"கேட்டியா? அவங்களே சொல்லிட்டாங்க, என் மேல தப்பு இல்லன்னு."

எட்டு மாதமாக அந்த வார்த்தையை அவர் நம்ப வேண்டும் என்று அடித்துக்கொண்டவள் அவள். இப்போது அவரே சொல்கிறார். அதைத் தட்டிப் பறிக்கிற வேலையை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். கணக்கர் மேல், மருத்துவர் மேல், அந்த வாத்தியார் மேல் எல்லாம் கோபம் மாறி மாறி வந்தது. ஆனால் வீட்டுச் சொந்தக்காரன் வாடகைக்குப் பதில் கோபத்தை வாங்கிக்கொள்ள மாட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"தப்புன்னு ஒத்துக்கோங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. அவருக்கும் கணக்குத் தெரியும். மலர்ந்த முகம் மெல்லக் கூம்பியது. உள்ளே போனார். அதிகாரியம்மா முன்னால் நின்று, "நான் இடது கைக்காரன்தாங்க. என் தப்புதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எழுதிக்கொண்டார்கள். கணக்கர் போகும்போது அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அவள் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் தீர்ப்பே கெட்டிருக்கும்.

பேருந்தில் கூட்டம். அவர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, இல்லாத கையை மடியில் வைத்து நல்ல கையால் மூடிக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டு வருகிறோம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பாதி வழியில் அவர் மெதுவாகக் கேட்டார்.

"எழுத்துல ஏறிடுச்சு. நிஜமாவே என் தப்பு இல்லதானே?"

"இல்ல." முன் இருக்கையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைக் குறைக்கவில்லை. "மூடியக் கழட்டினவன் தப்பு. மாத்திக் கொடுன்னு கேட்டப்பச் சிரிச்சவன் தப்பு. மாசாமாசம் பணம் வரும்ல, வர்ற அன்னிக்கெல்லாம் கேளுங்க. அன்னிக்கெல்லாம் சொல்றேன்."

அவர் மாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. அடுத்த நிறுத்தம் வருவதற்குள் இன்னொரு தடவை கேட்டார். அவள் சொன்னாள்.