கருணாகரனை ஜேபெக் ஆக்குவது எப்படி

1

இந்தக் கதை, கச்சேரி ரோட்டில் ஒரு போட்டோ கடையின் ஆடுகிற ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கிடைத்தது. எனக்கு என்று எழுதிவிட்டேன். சந்திரிகாவுக்கு. இது சந்திரிகா என்ற பெண்ணின் கதை, என்னுடையது அல்ல என்று முதல் வரியிலேயே சொல்லிவிட நினைத்திருந்தேன். அதற்குள் முதல் வரி போய்விட்டது.

எழுதி அடித்த தொடக்கங்கள் இரண்டு:

"கருணாகரன் காலமாகி ஓராண்டு நிறைவடையும் இந்த"

(நாளிதழ் விளம்பரம் மாதிரி இருக்கிறது.)

"மழை பெய்து ஓய்ந்த ஒரு"

(மழையே பெய்யவில்லை.)

ஆகவே நடந்தபடியே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சந்திரிகாவின் கணவர் கருணாகரனுக்கு வருஷத் திதி. மாலை போட வீட்டில் படம் இல்லை. ஒன்று இருந்தது, ஏதோ அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கியது. நங்கநல்லூரிலிருந்து வந்த நாத்தனார் சண்முகவடிவு அதைப் பார்த்துவிட்டு, "அண்ணனைப் போலீஸ் தேடுத மாதிரில்லா இருக்கு, மதினி" என்றாள். அன்றைக்கே கழற்றியாயிற்று.

2

மகள் வாங்கித் தந்த ஐபோன் நிறையக் கருணாகரன் இருந்தார். ஆனால் அந்த போன் படங்களை எச்.இ.ஐ.சி. என்கிற உருவில் வைத்துக்கொள்ளும். கடைக்கார வாஜித்தின் கணினிக்கு அது ஆகாது, ஜேபெக்தான் வேண்டும்.

"மாத்திக்கலாம்க்கா, போன்லயே ஆப் கீது" என்றார் வாஜித். படங்களைத் தள்ளிப் பார்த்தார். தள்ளிக்கொண்டே இருந்தார். "இன்னாக்கா, எல்லாத்துலயும் வாயத் தொறந்துகினே கீறாரு?"

உண்மைதான். கோயில் வாசலில், கடற்கரையில், யாரோ வீட்டுப் பந்தியில் இலைக்கு முன்னால், எங்கும் திறந்த வாய். கருணாகரன் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றவர். காலையில் திறந்த வாயைக் கடை அடைக்கும்போதுதான் மூடுவார். வீட்டுக்கு வந்ததும் மறுபடி திறப்பார்.

"வாய மூடிரலாம்க்கா. போட்டோஷாப்ல முடியும்."

"முடியுமா? இத்தனை வருஷம் என்னால முடியலையே, தம்பி."

"ஒரு கோட்டு வேணா மாட்டி வுடட்டா? ஃப்ரீதான்."

"அவரு தோள்ல கோட்டு நிக்காது. சேலைதான் நிக்கும்."

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: சேலை விற்கிறவர்கள் முந்தானையைத் தம் தோளிலேயே போட்டுக் காட்டுவார்கள். உறவில் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப்போன அன்று அப்படி ஒரு மாம்பழ மஞ்சளைப் போட்டுக்கொண்டு நின்றவரைத்தான் சந்திரிகாவுக்குப் பிடித்துப்போனது. அந்தச் சேலை பிடிக்கவில்லை.)

3

வாஜித் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதல் வரைவில் மிகவும் நல்லவராக வந்துவிட்டார். அவள் சொல்வதைத் தலை சாய்த்துக் கேட்டார், ஓரிடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உண்மையில் அவர் பன் பட்டர் ஜாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜாம் சந்திரிகாவின் போனிலும் பட்டது. திருத்திவிட்டேன்.

4

மாற்ற ஆரம்பித்ததும் போனில் இடமில்லை என்று வந்தது.

"மாத்துனதோட ஒரிஜினல அழிச்சிரட்டா? எதுக்கு ரெண்டு ரெண்டா?"

"அழிச்சிருங்க" என்றாள் சந்திரிகா. படத்துக்குப் படம் வந்துவிடும், பழசு எதற்கு என்று நினைத்தாள்.

வாஜித் ஒரு படத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினார். ஜாம் விரல், கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. படம் அசைந்தது. கருணாகரன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"ஏட்டி, அமுக்கும்போது சொல்லு, வாயை மூடிக்கிடுதேன்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல், ஒரு போட்டோ கடையில், ஜெராக்ஸ் மெஷின் சத்தத்துக்கு நடுவில்.

சந்திரிகாவின் கண்களில்

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

வாஜித் அடுத்த படத்தை அழுத்தினார். "இரு இரு, இப்பதான் மூடப்போ..." அதற்கடுத்தது. "அமுக்கிட்டியாட்டி? சொல்லவே இல்லையே?"

"மன்சன் மூடறேன் மூடறேன்னு சொல்லிக்கினேதான் தொறந்துகினு கீறாரு" என்றார் வாஜித். பன்னைக் கீழே வைத்தார். "இது லைவ் போட்டோக்கா. எடுக்க சொல்லோ முன்ன பின்ன கொஞ்சம் சவுண்டோட புடிச்சு வெச்சிருக்கும். ஜேபெக்கா மாத்துனா படம் மட்டும்தான் வரும். பேச்சு போயிரும்."

"அழிக்காதீங்க."

"அப்ப இடத்துக்கு இன்னா பண்றது?"

சந்திரிகா போனை வாங்கிக்கொண்டாள். சண்முகவடிவு நாள் தவறாமல் அனுப்பிய குட் மார்னிங் பிள்ளையார்கள் இருந்தார்கள். ரோஜாப்பூவோடு, தேநீர்க் கோப்பையோடு, உதிக்கும் சூரியனோடு. அத்தனை பேரையும் தேர்ந்தெடுத்தாள், மனதுக்குள் ஒருமுறை தோப்புக்கரணம் போட்டாள், அழித்தாள். கருணாகரன் பேசுவதற்குத் தாராளமாக இடம் வந்துவிட்டது.

5

இப்போது முடிவு. எழுதிப் பார்த்தவை:

வாஜித் வாயை மூடுகிறார். படம் வருகிறது. மூடிய வாயோடு கருணாகரன், சம்பந்தி வீட்டில் காப்பியில் சர்க்கரை போடவில்லை என்பதை வெளியே சொல்லாத மனிதரைப்போல இருக்கிறார். சண்முகவடிவுக்குப் பரம திருப்தி.

அல்லது திறந்த வாயோடு சட்டம் போட்டு மாட்டுகிறாள். "ஈ போயிரும் மதினி" என்று கோபித்துக்கொண்டு சண்முகவடிவு பேச்சை நிறுத்துகிறாள். (இந்த முடிவில் சந்திரிகாவுக்கு வேறு லாபங்களும் இருப்பதால் நேர்மையாக இல்லை.)

எது என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் இன்னும் வாஜித் மவுஸைப் பிடித்தபடி, "இன்னாக்கா, மூடவா வேணாவா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சந்திரிகா போனில் அவர் படத்தின்மேல் விரலை வைத்திருக்கிறாள். எடுத்தால் அவர் அசையாமல் நின்றுவிடுவார்.

முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், முடிக்கும்போது சொல்லிவிட்டு முடியுங்கள். வாயை மூடிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.