கட்டிலடி இருட்டும் நெற்றி விளக்கும்

முதலில் ஒரு விடுகதை. விளக்கோடு போய்த் தேடினால் அகப்படாது. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் மடியில் வந்து விழும். அது என்ன?

இருட்டு என்று உடனே சொல்லியிருப்பீர்கள். மணிக்குறிச்சிக்காரராக இருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பீர்கள். அந்த ஊரில் விளக்கை அணைத்தால் தெருவிளக்கு வீட்டுக்குள் வரும். முக்குக்கு முக்கு உயரக் கம்பத்தில் விளக்கு வைத்திருக்கிறார்கள். கம்பத்தின் அடியில் நிழல் விழுகிறது என்று அங்கே ஒரு சின்ன விளக்கு வைத்தார்கள். இரண்டையும் வைத்துக்கொடுத்தவரின் பெயர்ப்பலகை தெரிய வேண்டும் அல்லவா, அதற்கு மூன்றாவதாக ஒன்று.

மலையில் இருட்டு தானாக முளைக்கும். மணிக்குறிச்சியில் முளைக்காது. ஒருமுறை வெளிச்சம் பட்டால் பட்டதுதான். ஆகவே மிச்சமிருந்த இருட்டை அவரவர் வீட்டுக்குள் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். சிலர் பரணில் வைத்தார்கள், சிலர் அரிசி டிரம்மில். பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது சீர்வரிசையில் ஓர் அண்டா இருட்டும் வரும். அண்டாவின் வாயில் கம்பளி கட்டி, மேலே குங்குமம் வைத்து, இரண்டு பேர் தூக்கி வருவார்கள். மாப்பிள்ளை வீட்டார் கம்பளிக்குள் கையை விட்டு, முழங்கை வரை தெரியவில்லை என்றால் நல்ல சம்பந்தம் என்பார்கள்.

இந்த ஊரில் தணிகைவேல் என்று ஒருவர் இருந்தார். விதைப்பண்ணை அலுவலகத்தில் எழுத்தர். விடுமுறையில் மலையேறுபவர். ஏறுவதைவிட, ஏறுவதற்கு வேண்டிய சாமான் வாங்குவதில் அவருக்குப் பிரியம் அதிகம். புதிதாக ஓர் எல்.இ.டி. நெற்றி விளக்கு வாங்கியிருந்தார். தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளப் பட்டை, பக்கவாட்டில் ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் மங்கல், மறுமுறை அழுத்தினால் பிரகாசம், இன்னொரு முறை அழுத்தினால் சிமிட்டல். மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் போட்டிருந்தது. இருட்டைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

விளக்குகள் தொழிற்சாலையில் நல்ல வெளிச்சத்தில் பிறக்கின்றன. இருட்டை அவை பார்த்ததே இல்லை. முதன்முதலாக மலையில் பார்க்கும்போது பயந்து அணைந்துவிடும். அதனால் வீட்டிலேயே பழக்கிவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். போன வருஷம் தணிகைவேல் பழக்காமல் எடுத்துப்போனார். முதல் வளைவிலேயே விளக்கு கண்ணை மூடிக்கொண்டது. முன்னால் போனவரின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு மலை முழுக்க நடந்தார். அன்றிலிருந்து மலையேறும் குழுவில் அவருக்கு ‘வால்’ என்று பெயர். காலையில் குழுவில் வரும் செய்திகூட, “வணக்கம் நண்பர்களே, வணக்கம் வால்” என்றுதான் வரும்.

இந்த முறை முன்னால் நடப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். சனிக்கிழமை பயணம். விளக்கு தயார். இருட்டுதான் இல்லை.

முதலில் எதிர்வீட்டு ஆரோக்கியசாமியிடம் போய்க் கேட்டார்.

“இருட்டா?” என்றார் ஆரோக்கியசாமி. “காபிப்பொடி கேளுங்க, தர்றேன். இருட்டு கேட்டா எப்படி சார்?”

“கொஞ்சம் போதும் சார். விளக்கைப் பழக்கணும்.”

“போன வருஷம் வாலாப் போனீங்களாமே. பாவமா இருக்கு, இருங்க.”

உள்ளே போய் ஒரு டம்ளர் இருட்டு கொண்டுவந்தார். மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. தணிகைவேல் அதை வீட்டுக்கு எடுத்துவந்து, பட்டையைக் கட்டிக்கொண்டு, தட்டை விலக்கி, மங்கலில் ஓர் அழுத்து அழுத்தினார். டம்ளரின் அடி தெரிந்தது. ஒரு பச்சைப்பயறு கிடந்தது. விளக்கு பயப்படவும் இல்லை, கற்றுக்கொள்ளவும் இல்லை. பாலில் தண்ணீர் கலப்பதைப்போல ஆரோக்கியசாமி இருட்டில் சாயங்காலத்தைக் கலந்திருந்தார்.

வீட்டில் கலப்படம் இல்லாத இருட்டு ஒரே இடத்தில்தான் இருந்தது. மகள் இசைமதியின் கட்டிலுக்கு அடியில். மனைவி பரிமளா சீராகக் கொண்டுவந்த அண்டா இருட்டு அது. குழந்தை பிறந்ததும் அங்கே கொட்டி, சுற்றிலும் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு படிக்கும் இசைமதி கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு, இருட்டில் மணிக்கட்டு வரை முக்கி வைத்துக்கொண்டால்தான் தூங்குவாள். கையை எடுத்தால் விழித்துக்கொள்வாள்.

“பிரகாசத்துல ஒரே ஒரு தடவை போட்டுப் பார்த்துடறேன்” என்றார் தணிகைவேல்.

“போட்டா மிச்சம் இருக்குமா?” என்றாள் பரிமளா.

“ஓரத்துல கொஞ்சம் இருக்கும்.”

“ஏங்க, அது எங்க வீட்டு இருட்டு. எங்க அம்மா புளிப்பானைக்குப் பின்னாடி வச்சுக் காப்பாத்திக் குடுத்தது. கல்யாணத்துல உங்க வீட்டுலேர்ந்து என்ன வந்துச்சு?”

தணிகைவேல் வீட்டிலிருந்து ஒரு டியூப் லைட் வந்திருந்தது.

“அப்போ நான் மறுபடியும் வாலாவே போகட்டுமா?” என்றார்.

“வாலுன்னா பின்னாடி பத்திரமா வரலாம்ல” என்றாள் பரிமளா.

அதுவரை கம்பளியை இழுத்துப் பிடித்துக்கொண்டு கட்டிலின்மேல் உட்கார்ந்திருந்த இசைமதி, “விளக்கு எரிஞ்சுதான் பழகணுமா?” என்று கேட்டாள்.

“பின்னே?”

“சும்மா உள்ள படுத்துக்கட்டும். பள்ளிக்கூடத்துல புதுசா வந்த பிள்ளைய, சும்மா பக்கத்துல உட்காரத்தான் எங்க டீச்சர் சொல்வாங்க. பேசச் சொல்ல மாட்டாங்க.”

தணிகைவேலுக்கு அது சரியாகப் பட்டது. எரியாத விளக்குக்கு இருட்டு செலவாகாது. கம்பளியைத் தூக்காமல், அடியில் கையை நுழைத்து விளக்கை உள்ளே தள்ளிவிட்டார்.

முதலில் அது ஓயவில்லை. உள்ளே டக் டக்கென்று பட்டை தரையில் அடிக்கும் சத்தம் கேட்டது. இசைமதி கையைத் தொங்கவிட்டபோது சூடாக இருந்தது. தட்டிக்கொடுத்தாள். அடுத்த நாள் சூடு தணிந்திருந்தது. அதற்கடுத்த நாள், பள்ளியில் நடந்ததை அவள் கட்டிலடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். தணிகைவேல் அவ்வப்போது வந்து, “பழகிடுச்சா?” என்று கேட்பார். “கூப்பிடாதப்பா, தூங்குது” என்பாள்.

சனிக்கிழமை பிற்பகலில் குழுவின் ஜீப் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தது. ‘வால் ரெடியா?’ என்று செய்தியும் வந்தது. தணிகைவேல் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, மூன்று மலைகளுக்குப் போதுமான கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டிலடியிலிருந்து விளக்கை வெளியே எடுத்தார். நெற்றியில் கட்டிப் பொத்தானை அழுத்தினார்.

விளக்கிலிருந்து இருட்டு வந்தது.

எதிர்ச் சுவரில் ஒரு வட்டம் மறைந்தது. காலண்டர் இருந்த இடத்தில் காலண்டர் இல்லை. இன்னொரு முறை அழுத்தினார். அறை முழுக்க அமாவாசையானது. பழைய புளியின் வாசனை அடித்தது. மறுபடி அழுத்தியபோது இருட்டு சிமிட்டியது.

பரிமளா குனிந்து கம்பளியைத் தூக்கிப் பார்த்தாள். கட்டிலடி வெறிச்சென்று இருந்தது. தொலைந்துபோன ஒரு பென்சிலும் ஒற்றைச் செருப்பும் நன்றாகத் தெரிந்தன. இருட்டு முழுதும் விளக்குக்குள் குடியேறிவிட்டிருந்தது.

“அது என் இருட்டு” என்றாள் இசைமதி.

“விளக்கு என்னோடது கண்ணு” என்றார் தணிகைவேல். “இது இருந்தா நான் முன்னாடி நடக்கலாம். மலையில யார்கிட்டயும் இப்படி ஒண்ணு கிடையாது.”

“நைட்டு நான் எதுல கைய வச்சுட்டுத் தூங்குறது?”

தணிகைவேல் விளக்கை அணைத்தார். ஜன்னல் வழியே தெருவிளக்குகள் உள்ளே வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்தன. வெளியே ஹாரன் மறுபடி அடித்தது. அவர் மகளின் கையைப் பார்த்தார். மணிக்கட்டுக்குக் கீழே அது மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் கருப்பாக, நன்றாகத் தூங்கிய கைபோல இருந்தது. பிறகு, பட்டையைத் தலையிலிருந்து கழற்றினார். ஆனால் கையிலிருந்து விடவில்லை.

பரிமளா நடுவில் வந்தாள்.

“விளக்கு உங்க வீட்டுது. இருட்டு எங்க வீட்டுது. பிரிக்க முடியாது. இவ ரெண்டு வீட்டுக்கும் பொது. இவளே சொல்லட்டும். மலைக்குப் போறதா, கட்டிலுக்கடியில இருக்கிறதா?”

தணிகைவேல் விளக்கை மகளிடம் கொடுத்தார். குழுத்தலைவர் ஜீப்பிலிருந்து இறங்கி வாசல்வரை வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, குழந்தை நிதானமாகச் சொல்லட்டும் என்று நிலைப்படியில் சாய்ந்துகொண்டார்.

இசைமதி விளக்கைக் காதோரம் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு பட்டையைத் தன் தலைக்குத் தகுந்தபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். செருப்பு ஒற்றைதான் இருந்ததால், கட்டிலடியில் தெரிந்த மற்றதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். தான் மலைக்குப் போவதாகவும், முன்னால் நடக்கப்போவதாகவும், தன் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வதென்றால் அப்பாவும் வரலாம் என்றும் சொன்னாள்.